வெள்ளி லாடம்

டிரைவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் பின்பக்கமாக உள்ளே எடுத்து, முகம் தெருவைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். டிப்போவில் பஸ்ஸை அப்படித்தான் நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது, அது சரி. வீட்டு வாசலில் ஸ்கூட்டருக்கு என்ன விதி? அதையும் அப்படித்தான் நிறுத்துவார். செருப்பைக் கழற்றும்போதுகூட ஒரு அரை வட்டம் அடித்துத் திரும்பி நின்று, விரல் பக்கம் வெளியே பார்க்கும்படி விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கேட்டால், "ஒரு அவசரம்னா ஓடணும். அப்ப போய் ரிவர்ஸ் எடுத்துட்டு நிக்க முடியுமா?" என்பார்.

"இத்தனை வருஷமா அந்த அவசரம் எந்த ஊர்ல இருந்து நடந்து வந்துட்டு இருக்கோ" என்பது அவர் மனைவியின் பதில். மகன் இன்னும் ஒரு படி மேலே போவான். அப்பா கட்டிலில்கூட ரிவர்ஸில்தான் ஏறுவார் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பான். அவர் காதிலும் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வார். உள்ளுக்குள் அவருக்கும் சிரிப்புதான்.

ஒரே மகன். படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தவனுக்கு, டிப்போ பட்டறையில் மெக்கானிக்குக்கு உதவியாளாக ஒரு வேலையை டிரைவர்தான் பார்த்துக் கொடுத்தார். பார்த்துக் கொடுத்தார் என்று எழுதிவிட்டேன். மேலாளர் அறை வாசலில் தவம் கிடந்து, யார் யாருக்கோ பல்லை இளித்து வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் உண்மை. அந்த வேலைக்கு மகன் கொஞ்ச நாள் போனான். அப்புறம் போவதாகக் காட்டிக்கொண்டான். காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புவான், எங்கேயோ பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்பா வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவான். இது பட்டறை மேஸ்திரி வாய் வழியாக, நாலு பேர் எதிரில், டிரைவர் காதுக்கு வந்தது. "என்ன அண்ணே, பையனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஆளையே காணோமே!" என்று அந்த மனிதர் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

அன்றைக்கு டிரைவர் வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்பைத் திருப்பி விடவில்லை. மகன் கூடத்தில் டிவி எதிரே உட்கார்ந்து, கையில் வீடியோ கேம் ரிமோட்டை வைத்துக்கொண்டு, தொப்பி போட்ட ஒருவனைக் குதிரை மேல் ஏற்றி மலையடிவாரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வேலைய விட்டுட்டு இங்க பொம்மைக் குதிரை ஓட்டுறியா?"

"ஒரு நிமிஷம் இருங்கப்பா, சேவ் பண்ணிட்டு வந்துடறேன்."

அந்த 'ஒரு நிமிஷம்' எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது. டிரைவர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று எத்தனை தடவை சொன்னேன், காதில் போட்டுக்கொண்டீர்களா என்று மகனும் கத்தினான். வாய் தடித்தது. கடைசியில் டிரைவர் சொன்னார்:

"போடா. எங்கயாவது போய்த் தொலை. நீ செத்தேன்னு சேதி வந்தாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்."

அடுப்படியிலிருந்து மனைவி, "என்ன வார்த்தைங்க அது!" என்று அலறிக்கொண்டு ஓடி வருவதற்குள் மகன் வாசலைத் தாண்டியிருந்தான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று தெரியாதவர் இல்லை டிரைவர். எந்த வண்டியையும் பின்னால் எடுக்கத் தெரிந்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையைப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மகனுடைய போன் அணைந்து கிடந்தது. நண்பர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லையோ என்னவோ. மனைவி ஒரு பெரிய கடையில் மத்தியானத்திலிருந்து பில் போடுகிறவள். வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். கணவரிடம் "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்" என்பதற்கு மேல் பேச்சு இல்லை. மூன்று தட்டுகளைக் கழுவி வைப்பாள், இரண்டைத்தான் எடுப்பாள். ஒரு நாள் அழுகையோடு மகன் பெயரைச் சொல்லி ஏதோ ஆரம்பித்தாள். டிரைவர், "அவன் பேரை இந்த வீட்டுல எடுக்காதே" என்று சொல்லிவிட்டார். சொல்லிய மறுநொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வீறாப்பு என்று ஒன்று இருக்கிறதே. ஆண்பிள்ளைகள் இப்படித்தான், தானே பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் தொலைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று குளிரில் நடுங்குவார்கள்.

அவருடைய தடத்தில் ஒரு பெரிய பாலம் வரும். அதன் மேல் ஏறும்போதெல்லாம் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக யாராவது தனியாக நிற்கிறார்களா என்று பார்ப்பார். பின்னாலிருந்து, "என்ன டிரைவர், வேடிக்கை பார்க்கவா வந்தோம்?" என்று யாராவது கத்துவார்கள். ஒரு நாள் செய்தித்தாளில், அடையாளம் தெரியாத இளைஞர் என்று சின்னதாக ஒரு துண்டு வந்திருந்தது. மனைவியிடம் ஸ்கூட்டருக்கு டயர் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனார். துணியை விலக்கினார்கள். வேறு யாரோ பெற்ற பிள்ளை. 'அப்பாடா' என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அதற்காக அவர் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். வெளியே வந்து சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து அழுதார். நான் சொன்ன சொல் பலித்துவிடுமோ, பலித்துவிடுமோ என்று அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

அந்தக் கேம் பெட்டி டிவிக்குக் கீழே ஒரு துணி போர்த்திக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் முள் தைத்தது. ஒரு மத்தியானம், மனைவி வேலைக்குப் போன பிறகு, அதைப் பையில் போட்டுக்கொண்டு, இந்த மாதிரிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடைக்குப் போனார். "யாருக்காவது சும்மா குடுத்துடுங்க. என் கண்ணுல படக்கூடாது" என்றார்.

கடைக்காரர், வேலை செய்கிறதா என்று பார்க்க, பெட்டியைத் தன் டிவியில் இணைத்தார். இரண்டு மூன்று பட்டனை அழுத்தினார். "யாரோட கணக்கு அண்ணே இது?"

"பையனோடது."

"நல்லா ஆடுறாரு. நேத்துகூட ஆடியிருக்காரே."

"எப்படி ஆடுவான்? பெட்டி எங்க வீட்டுல இல்ல இருக்கு?"

"பெட்டி எங்க இருந்தா என்ன அண்ணே? வேற எங்கயோ ஒரு பெட்டியில இதே கணக்கைத் திறந்து ஆடுறாரு. அங்க சேவ் பண்ணினா நெட் வழியா இங்கயும் வந்து உட்கார்ந்துக்கும். இதோ பாருங்க, நேத்து சாயங்காலம்னு போட்டிருக்கு."

டிரைவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நேற்று சாயங்காலம். பிணம் ஆடாது. பிள்ளை உயிரோடு இருக்கிறான். கடைக்காரர் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, பெட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டு, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் போலக் கட்டிப்பிடித்தபடி வீட்டுக்கு வந்தார்.

மனைவியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அதைத்தான் கேட்கிறேன். பெயரையே எடுக்கக்கூடாது என்று கர்ஜித்தவர், அவன் குதிரையை ஒளிந்திருந்து பார்க்கிறேன் என்று எந்த வாயால் சொல்வார்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

அந்தச் சமயத்தில் அவருக்கு அதிகாலை ஷிப்ட், முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தனிமை. கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பெட்டியைப் போடுவார். காய்ந்த செம்மண் தேசம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாறையும் முள்ளும். அதில் ஒரு குதிரைக்காரன். பெரிய கதை ஒன்று உண்டு. அதைத் தவிர, பக்கத்தில் ஒரு சின்னக் கதையும் உண்டு. ஒரு கொள்ளைக் கூட்டம் தங்கள் குதிரைகளுக்கு வெள்ளியில் லாடம் அடித்துத் திரிந்ததாம். பிடிபடும் சமயத்தில் அவற்றைக் கழற்றி நாடெங்கும் ஒளித்து வைத்துவிட்டதாம். ஊர்க் கொல்லன் ஒருவன், அவற்றைக் கண்டுபிடித்து வா என்கிறான். கொல்லன் பட்டறைச் சுவரில் வரிசையாக ஆணிகள். கிடைத்த லாடம் வெள்ளையாக மின்னிக்கொண்டு தொங்கும். கிடைக்காத இடத்தில் அதன் உருவம் மட்டும் கரிக்கறை போலக் கருப்பாக இருக்கும். கதைக்கு அவசியமே இல்லாத வேலை. ஆனால் தொட்டவன் விடமாட்டான் போலிருக்கிறது.

டிரைவருக்கு அந்தச் சுவர்தான் எல்லாம். நேற்று கருப்பாக இருந்தது இன்று வெள்ளையாகிவிட்டால், பிள்ளை எழுந்திருக்கிறான், உட்கார்ந்திருக்கிறான், கையும் காலும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். சும்மா பார்த்துவிட்டு அணைத்துவிடுவதாகத்தான் தொடங்கினார். ஆசை யாரை விட்டது? மெல்ல ரிமோட்டைப் பிடித்தார். முதல் நாள் குதிரையைக் கிணற்றில் இறக்கினார். அடுத்த நாள் மலையிலிருந்து உருட்டினார். பஸ் ஓட்டுகிற கைக்கு ரிமோட்டில் இருக்கும் அந்தச் சின்னக் குச்சி கட்டுப்படவில்லை. பிறகு பழகியது. எங்கே சுற்றினாலும் கடைசியில் மகன் கூடாரம் போட்டிருந்த இடத்துக்குக் கொண்டுவந்து, குச்சியைப் பின்னால் இழுத்து, குதிரையை அதே இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் அணைப்பார்.

அப்போதுதான் அவர் கவனித்தார். வரைபடத்தில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மகன் சிவப்புக் குறிகளாகப் போட்டு வைத்திருந்தான். தேடிவிட்டேன், இங்கே இல்லை என்பதற்கான அடையாளங்கள். ஒவ்வொரு நாளும் குறிகள் கூடிக்கொண்டே போயின, லாடம்தான் கிடைத்தபாடில்லை. 'பாவம், எங்கேயோ யார் வீட்டிலோ உட்கார்ந்து இதைத் தேடிக்கொண்டிருக்கிறானே' என்று டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே சதை ஆடியது மட்டுமில்லை, குதிரையும் ஏறியது. இவரும் இறங்கித் தேடினார். பாறை இடுக்கு, பாழடைந்த குடிசை, புகைபோக்கி, செத்த மரத்தின் பொந்து. பாலத்தில் தேட முடியாத பிள்ளையை இங்கே தேடுவதுபோல் வெறி பிடித்துத் தேடினார். ஒரு நாள் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த பயணிகள் குதிரைவண்டி ஒன்று கண்ணில் பட்டது. அதைச் சுற்றி மகனுடைய குறிகள் இருந்தன. பெட்டிகளையெல்லாம் பார்த்திருக்கிறான். டிரைவருக்கு வேறு நினைப்பு வந்தது. பஸ்ஸில் தன் சீட்டுக்கு அடியில்தான் தண்ணீர் பாட்டில், ஸ்பேனர், துடைக்கிற துணி எல்லாம் போட்டு வைத்திருப்பார். வண்டிக்காரனும் அப்படித்தானே வைப்பான்? ஓட்டுபவன் உட்காரும் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

எடுத்தார். சேவ் செய்தார். "எடுத்து வெச்சிட்டேன்டா, வா, வந்து பாரு" என்று காலி வீட்டில் வாய்விட்டுச் சொன்னார்.

அதோடு போயிற்று எல்லாம். அடுத்த நாள் சுவரில் மாற்றமில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. வரைபடத்தில் புதிதாக ஒரு சிவப்புக் குறிகூட விழவில்லை. மத்தியானம் மட்டும் பார்த்தவர், காலையில் கிளம்பும் முன், சாயங்காலம் மனைவி வருவதற்கு முன் என்று மூன்று வேளையும் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். கரிக்கறைகள் அப்படியே இருந்தன. மறுபடியும் பாலத்தில் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. நிறுத்தத்தில் நிற்காமல் போனதற்கு ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். தட்டில் பாதிச் சோறு மிச்சமானது. மகனுக்குக் காய்ச்சல், விபத்து, அதற்கும் மேலே என்று மனசு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே போனது. தாங்க முடியாமல் கடைக்காரரிடமே ஓடினார்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நீங்க எந்நேரத்துல அண்ணே ஆடுவீங்க?" என்றார்.

"மத்தியானத்துல. இப்ப எந்நேரமும்தான் பார்க்கறேன்."

"அவரும் அந்நேரம்தான் ஆடுவாரு போல. அப்படின்னா நீங்கதான் அவரை வெளிய தள்ளியிருக்கீங்க."

"நானா?"

"ஒரு கணக்கு ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் திறக்கும். நீங்க இங்க உள்ள போனீங்கன்னா, அங்க அவர் ஆடிட்டு இருந்தாலும் சட்டுனு நின்னுடும். வேற இடத்துல திறந்திருக்காங்க, நீங்க வெளியேறணும்னு திரையில வந்து நிக்கும். ஒரு தடவை ரெண்டு தடவைன்னா பொறுத்துக்குவாரு. போதாக்குறைக்கு அவர் எடுக்காத லாடம் வேற எடுத்து மாட்டியிருக்கு. அவருக்குப் புரிஞ்சிருக்காதா?"

டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டை விட்டுத் துரத்தியது போதாதென்று, எங்கேயோ ஒரு மூலையில் இருந்த பிள்ளையைத் தேடிப் போய், அங்கேயிருந்தும் தினம் தினம் துரத்தியிருக்கிறார். அவன் முகத்துக்கு நேரே, வெளியேறு, வெளியேறு என்று. பாசத்தோடு எட்டிப் பார்த்ததுதான் அந்தப் பக்கம் போய் அப்படி விழுந்திருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை.

"ஒரு மெசேஜாவது அனுப்ப முடியுமா?"

"ஒரே கணக்குல எப்படிண்ணே? உங்க நம்பருக்கு நீங்களே போன் போடுற மாதிரி." சிரித்த கடைக்காரர், டிரைவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். அவர் பாஸ்வேர்டை மாத்திட்டாருன்னா இந்தப் பெட்டியில அப்புறம் எதுவுமே தெரியாது. இன்னும் ஏன் மாத்தலன்னுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு."

அந்த ஒரு நூல்தான் மிச்சம். மகன் ஒரு நிமிஷம் நினைத்தால் அறுத்துவிடலாம். அறுத்துவிட்டால் அவன் இருக்கிறானா இல்லையா என்று இந்த ஜென்மத்தில் தெரியாமல் போகலாம்.

வார விடுமுறை அன்று காலை, மனைவி கடைத்தெருவுக்குப் போனதும், டிரைவர் கடைசி ஒரு தடவை என்று பெட்டியைப் போட்டார். காலையில் அவன் ஆடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. திறந்தது. எடுத்த லாடத்தைத் திருப்பிப் போய் வைக்கலாமா என்று பார்த்தார். அந்த ஆட்டத்தில் அதற்கு வழியில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஊருக்குள் போனபோது, லாயக்காரன் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்: உன் குதிரைக்குப் பெயர் வைக்கிறாயா? இத்தனை நாளும் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர், அன்றைக்கு நின்றார்.

ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தித் தமிழை எழுத வேண்டும். 'மன்னிச்சிடு' என்று தொடங்கினார். பாதியில் வெட்கம் பிடுங்கித் தின்றது, அழித்தார். 'வந்துடு' என்று எழுதினார். அதட்டுகிற மாதிரி இருந்தது, அதையும் அழித்தார். நெடுநேரம் வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் அவரிடம் மனம் விட்டுப் பேசாத இத்தனை நாளில், மனதுக்குள் அவர் மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதையே எழுதினார்.

'சாப்டியா.'

சேவ் செய்தார். குதிரையைக் கூடாரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். பெட்டியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டிக் கட்டினார். இனி இதைத் தொடக்கூடாது. அவனைத் தள்ளிவிடக்கூடாது.

தொடாமல் இருப்பதென்றால் என்னவென்று அந்த வாரம் அவருக்குத் தெரிந்தது. மத்தியானங்களில் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, அணைந்த டிவியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இருந்த ஒரு நாள், மனைவி தலைவலி என்று பாதி வேலையில் திரும்பி வந்துவிட்டாள். மடியில் ரிமோட்டோடு கணவர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்னங்க இது?"

மறைக்கிற தெம்பு அவருக்கு இல்லை. கடையிலிருந்து தொடங்கி, லாடம், சுவர், வெளியேறு என்று திரையில் வந்தது, குதிரையின் பெயர், எல்லாவற்றையும் சொன்னார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"அவன் இருக்கான்னு உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பில் போடுற இடத்துல நின்னுக்கிட்டு, வரிசையில வர்ற ஒவ்வொரு பையன் முகத்தையும் பார்த்துட்டு இருந்தேன். ராத்திரி கண்ணை மூடினா ஆத்துல மிதக்கிற மாதிரியே தெரியும். இருக்கான்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை! கெட்டதைச் சொல்ல மட்டும் அவ்வளவு பெரிசாத் திறந்துச்சே அந்த வாய், இதைச் சொல்ல அதுக்கு என்ன கேடு வந்துச்சு?"

எந்தப் பதிலும் அங்கே செல்லுபடியாகியிருக்காது.

"போடுங்க. நான் பார்க்கணும்."

"இப்ப போட்டா அவனை வெளிய தள்ளிடும்மா."

கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். மெல்லக் கீழே உட்கார்ந்தாள். "சரி" என்றாள். "காலையில போடலாம்." பெற்றவள் கேட்டதையே ஒத்திப்போட வேண்டியிருந்தது. அதுதான் டிரைவருக்குத் திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் அவர் வேலைக்கு லீவு சொன்னார். இருவரும் குளித்துவிட்டு, பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி டிவி எதிரே உட்கார்ந்தார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்தது. டிரைவர் முதலில் கொல்லன் பட்டறைக்குப் போனார். புதிதாக ஒரு வெள்ளை. இனி ஒன்றே ஒன்றுதான் கருப்பு.

"வந்திருக்கான்" என்றார். குதிரையிடம் போய் நின்றார். அதன் தலைக்கு மேல் பெயர் வந்தது.

'சாப்டேன்.'

மனைவி எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். எழுந்து போய் டிவியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது அழுதாள். கொஞ்சம் ஓய்ந்ததும், "நான் கேட்டதா நினைச்சிருப்பான்" என்றாள். "இப்படி எல்லாம் கேக்கறது நான்தானே?"

சுருக்கென்றது அவருக்கு. ஆனால் அது உண்மை. "நினைச்சுக்கட்டும்" என்றார்.

"அது எப்படி? நீங்கதான்னு எழுதுங்க."

"வேணாம். நான்னு தெரிஞ்சா பாஸ்வேர்டை மாத்திடுவான். அப்புறம் ஒண்ணுமே இருக்காது நமக்கு. அந்தக் கடைசி லாடத்தைக்கூட நான் தேடப் போறதில்ல. அது ஒண்ணு கருப்பா இருக்கிற வரைக்கும் அவன் வருவான். அது போதும். நீயாவே இருந்துட்டுப் போ."

"போதாது." மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் அவர் பக்கம் திரும்பினாள். "சொன்னது நீங்க. நீங்கதான் எடுக்கணும். என் முந்தானைக்குப் பின்னால நின்னு எடுக்க முடியாது. மாத்தினா மாத்தட்டும். மறுபடியும் ஒருத்தருக்கொருத்தர் ஒளிஞ்சு விளையாடுறது என்னால முடியாது."

டிரைவர் அவளைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றி, அந்தப் பாலத்தைக் கடந்தவர். லாயம் வரைக்கும் அந்தக் குதிரையைக் கொண்டுபோவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தினார். ஒரு எழுத்து மாறிப் போனது. அழித்துவிட்டு மறுபடியும் எழுதினார்.

'அப்பா டா.'

அன்றைய பகலை இருவரும் எப்படிக் கழித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் வேலைக்குப் போனாள், பத்து பேருக்குத் தப்பாகப் பில் போட்டாள். அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தார். ஒரு தடவை பிளக்கருகே குனிந்துவிட்டு, தன் கையைத் தானே அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையும் லீவு. திரையில் வட்டம் சுற்றியது. நேற்றைவிட அதிக நேரம் சுற்றுவதுபோல் இருந்தது. "மாத்திட்டான்" என்றார் டிரைவர். "சொன்னேனே, மாத்திட்டான்." மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். திரை இருண்டது. பிறகு செம்மண் தேசம் வெளிச்சமாக விரிந்தது.

கூடாரம் இருந்தது. குதிரை இருந்தது. பெயர் கொஞ்சம் நீளமாக இருந்தது, அந்தக் கட்டத்தில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. மனைவி விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள்.

"கு... தி... ரை... குதிரைக்கு... ரிவர்ஸா." அவளுக்குப் புரியவில்லை. "குதிரைக்கு ரிவர்ஸா? என்னங்க எழுதியிருக்கான்?"

டிரைவர் கையால் திரையைக் காட்டினார். அந்தக் கூடாரத்தடியில் குதிரை வாலைக் கூடாரத்துக்குக் காட்டிக்கொண்டு, முகம் வழியைப் பார்க்க நின்றிருந்தது. அது அவர் பழக்கம், மகன் அப்படியே நிறுத்திக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். முதல் நாளிலிருந்து இவர் அப்படித்தான் நிறுத்தி வைத்திருக்கிறார். குச்சியைப் பின்னால் இழுத்து, இழுத்து, அந்த மிருகத்தைப் பின்னோக்கி நடக்க வைத்து. அந்தத் தேசம் முழுக்கத் தேடினாலும் குதிரையை ரிவர்ஸில் நிறுத்துகிறவன் வேறு ஒருவன் கிடைக்க மாட்டான்.

"முதல்ல இருந்தே தெரிஞ்சிருக்கு அவனுக்கு" என்றார். "நான் உள்ள வந்தது, தேடினது, எல்லாம். சாப்டேன்னு எனக்குத்தான் சொல்லியிருக்கான். எனக்குத்தான்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வயதான மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். மனைவி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் நின்றபாடில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரை உலுக்கினாள்.

"அழுதது போதும். எங்க இருக்கேன்னு கேளுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டைக் கையில் எடுத்தார். அவள் எழுந்து போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். பதில் நாளைக்குத்தான் வரும், நாளைக்கும் வராமல் போகலாம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. வாசலில் அவர் செருப்பும், அதைத் தாண்டி ஸ்கூட்டரும், தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தன.